மூன்று தலைக்கு ஒரு தடவை

பெற்றவர்கள் வைத்த பெயர் ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. கடையில் அவருக்குப் பம்பரம் என்று பெயர். முடிவெட்டுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகை, நின்ற இடத்தில் நின்றுகொண்டு நாற்காலியைத் திருப்பித் திருப்பி வெட்டும். உட்கார்ந்திருப்பவர் ஒரு நிமிஷம் தெருவைப் பார்ப்பார், ஒரு நிமிஷம் சுவரைப் பார்ப்பார், கடைசியில் கண்ணாடிப் பக்கம் வந்து சேரும்போது தலையில் என்ன நடந்தது என்று புரியாமல் விழிப்பார். இன்னொரு வகை நாற்காலியைத் தொடவே தொடாது, தானே சுற்றி வரும். நம் ஆள் இந்த இரண்டாவது வகை. வாடிக்கையாளர் கண்ணாடியை விட்டுக் கண்ணெடுக்கவே கூடாது, அவர் தலை அவர் கண்ணெதிரே குறைய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. இருபத்தாறு வருஷமாக அந்தக் கடையின் மூன்றாவது நாற்காலியை அவர் சுற்றிய தூரத்துக்கு நேராக நடந்திருந்தால் ஏதாவது ஒரு கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்திருக்கலாம் என்பாள் மனைவி. "சேர்ந்திருந்தா அங்கயே உக்காந்திருப்பேன்" என்பார் இவர்.

நாற்பத்தெட்டாவது வயதில் முதுகு மக்கர் பண்ணியது. குனிந்து குனிந்து பிடரி மழித்த முதுகு. தட்டு விலகி நரம்பை அமுக்குகிறது என்றார்கள், ஆபரேஷன் ஆயிற்று. முதுகுவலி போய்விட்டது. போகிற போக்கில் வலது பாதத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்ததாம். ஒரு வருஷத்தில் திரும்பி வரலாம், வராமலும் போகலாம். டாக்டர் சொன்னது இவ்வளவுதான், அதைச் சொல்ல அவருக்குப் பத்து நிமிஷம் பிடித்தது.

கால் இருந்தது, வலு இருந்தது, பாதம் மட்டும் தூக்கவில்லை. அடியெடுத்து வைத்தால் விரல் நுனி தரையைச் சுரண்டியது. தடுக்காமல் இருக்க முழங்காலை உயரத் தூக்கி வைக்க வேண்டியிருந்தது, தண்ணீர் தேங்கிய தெருவைத் தாண்டுகிறவர் மாதிரி. செருப்பு இரண்டு அடி பின்னாலேயே நின்றுவிடும். இதையெல்லாம் பார்த்தவர்கள் பார்த்தார்கள். யாருக்கும் தெரியாத இன்னொன்று இருந்தது. உள்ளங்கால் மரத்துக் கிடந்தது. ஈரமா, சூடா, கல்லா, துணியா, எதுவும் தெரியாது. அது அவருக்குப் பெரிய அவமானமாகப்பட்டது. தொங்குகிற பாதத்தைக்கூட நாலு பேரிடம் சொல்லலாம், உணர்ச்சியில்லாத பாதத்தை எப்படிச் சொல்வது என்று மென்று விழுங்கிவிட்டார்.

பாதத்தைத் தொங்காமல் தாங்கிப் பிடிக்கிற பிரேஸ் செய்து தருகிற இடத்தில் அவரை ஒரு உயரமான பெஞ்சில் உட்கார வைத்து, ஈரமான மாவுக்கட்டைக் காலில் சுற்றி அச்செடுத்தார்கள். "ஆடாதீங்க, ஆடினா அளவு போயிடும்" என்றார் அங்கிருந்தவர். வாழ்நாளெல்லாம் அடுத்தவர்களிடம் அதையே சொல்லிவந்த மனிதர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பத்து நாளில் சாமான் வந்தது. வெள்ளைப் பிளாஸ்டிக். முழங்காலுக்குக் கொஞ்சம் கீழே கெண்டைக்காலைப் பின்பக்கமாக அணைத்து, குதிகாலைச் சுற்றி இறங்கி, பாதத்துக்கு அடியில் விரல்வரை போயிற்று. மேலே ஒரு பட்டை, கணுக்காலில் ஒரு பட்டை. பாதம் இனி தொங்காது, ஒரே கோணத்தில் நிற்கும். காலுறை போட்டு, அதன்மேல் இதை மாட்டி, அதன்மேல் ஷூ போட வேண்டும்.

ஷூவில் ஆரம்பித்தது சண்டை. பிரேஸோடு வலது காலுக்கு இரண்டு அளவு பெரிய ஷூ வேண்டும், இடதுக்குப் பழைய அளவு. ஒற்றை ஷூ எந்தக் கடையில் விற்கிறார்கள்? இரண்டு ஜோடி வாங்கினார்கள். மிஞ்சிய பெரிய இடதும் சின்ன வலதும் கட்டிலுக்கு அடியில் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காமல் கிடந்தன. "இதே மாதிரி இடது கால் போனவர் யாராவது முடிவெட்ட வந்தா விசாரிச்சு வைங்க" என்றாள் மனைவி. அவள் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். அவளும் நாள் முழுக்க நிற்கிறவள்தான், ஆனால் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசியதில்லை, அவளும் பேசியதில்லை.

பயிற்சி கொடுத்த பிசியோ அம்மாவுக்கு முப்பது வயது இருக்கும். கறாரான ஆள். "முதல் நாள் ஒரு மணி நேரம். கழட்டணும். பாதத்தைப் பார்க்கணும். செவப்பா இருந்தா இருபது நிமிஷம் பொறுத்துத் திரும்பப் பார்க்கணும். செவப்பு போகலன்னா மாட்டாம நேரா என்கிட்ட வரணும். உங்களுக்கு அங்க வலி தெரியாது, அதனால கண்ணாலதான் பார்த்தாகணும். புரியுதாண்ணா?"

"புரியுது மேடம்" என்று தலையாட்டினார் பம்பரம். "கொஞ்சமா மட்டும் எடுங்க, மேல கை வைக்காதீங்க" என்று தினமும் இருபது பேர் அவரிடம் சொல்வார்கள். இருபது பேருக்கும் இப்படித்தான் தலையாட்டுவார். ஆட்டிவிட்டு, தனக்குச் சரியென்று பட்டதை வெட்டுவார். அந்தத் தொழிலில் காது அப்படிப் பழகிவிடுகிறது.

நடை வந்தது. முதலில் இரண்டு கம்பிகளுக்கு நடுவே பத்தடி, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு, பிறகு பிடிக்காமல். படியேறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது பிரேஸ் கால் முதலில். வீடு இரண்டாவது மாடி, முப்பத்தாறு படிகள். ஒவ்வொரு படியிலும் எந்தக் கால் என்று யோசித்து வைக்க வேண்டும். நடப்பதற்கு மூளை வேண்டும் என்பது அவருக்கு நாற்பத்தெட்டு வயதுவரை தெரியாது. வீடு வந்து உட்கார்ந்தால் இடுப்பு கழன்றுவிடும் போலிருக்கும். வலி என்றாலாவது ஒரு மாத்திரை உண்டு. இது வெறும் அலுப்பு. காலையில் எழுந்தவுடன் காலுறையை இழுத்துச் சுருக்கம் எடுத்து, பட்டையைக் கட்டி, ஷூவுக்குள் திணித்து முடிப்பதற்குள்ளேயே அன்றைக்கு வேண்டிய தெம்பில் பாதி தீர்ந்திருக்கும். சில நாள் ஒரு ஷூவை மாட்டிக்கொண்டு இன்னொன்றைக் கையில் வைத்தபடி கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார்.

ஆபரேஷனாகி நாலரை மாதம் கழித்துக் கடை முதலாளி பார்க்க வந்தார். முதல் நாற்காலி அவருடையது. நல்ல மனுஷன்தான், ஆனால் கடை என்று வந்துவிட்டால் கடைதான்.

"நான் உன்னைப் போகச் சொல்லலப்பா. ஆனா நாற்காலி காலியா கிடக்கக் கூடாது. ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் ஒரு பையனை வச்சு ஓட்டுறேன். அவன் தினமும் வரேங்கறான். நீ ஒரு ஞாயித்துக்கிழமை காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நின்னு காட்டிடு. நாற்காலி உனக்குத்தான்."

"அடுத்த ஞாயித்துக்கிழமையே வரேண்ணே."

"அவ்வளவு அவசரமா?"

"அவசரந்தாண்ணே."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு அவர் எடுத்த ஏற்பாடு கொஞ்சநஞ்சமில்லை. பிளாஸ்டிக்குக்குள் கால் வியர்க்கும். வியர்வைக்கு என்ன மருந்து என்று முடிவெட்டுகிறவரிடம் யாராவது சொல்லித் தர வேண்டுமா? காலுறைக்குள் இரண்டு கை பவுடர் கொட்டினார். பிடரியில் பூசுகிற அதே பவுடர். பிரேஸுக்குள்ளும் தாராளமாகத் தூவினார். ஷூவின் நாடாவை இறுக்காமல் தளர்த்தி விட்டார், காற்று போகட்டும் என்று.

ஒன்பது மணி நேரம் நின்றார். பதினாறு தலை. பழைய மாதிரி சுழல முடியவில்லை, ஆனால் சுற்றினார். நாற்காலியைத் திருப்பவில்லை. முன்பு நாலு எட்டில் வந்த சுற்றுக்கு இப்போது ஏழு எட்டு வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான். ஒவ்வொரு போர்வையை உதறும்போதும் வெட்டின முடி பறந்து எங்கெல்லாமோ விழுந்தது. இருபத்தாறு வருஷமாக விழுகிறது, யார் பார்க்கிறார்கள்? மத்தியானம் காலுறை மாற்றச் சொல்லியிருந்தார் பிசியோ அம்மா. கூட்டத்தில் அதற்கு ஏது நேரம்? வாராவாரம் வருகிற பஸ் டிரைவர் ஒருவர், எப்போதும் அவசரத்தில் இருக்கிறவர், "என்னய்யா, பம்பரம் திரும்பச் சுத்துது!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். முதலாளி கடை சாத்தும்போது முதுகில் கை வைத்து, "ஜெயிச்சிட்டே" என்றார்.

வீட்டுக்கு வந்து முப்பத்தாறு படியையும் ஏறி, "வலிக்கவே இல்ல, தெரியுமா? துளிகூட வலிக்கல" என்று மனைவியிடம் நாலு தடவை சொன்னார்.

"காலைக் காட்டுங்க, பாத்துடறேன்."

"இது என்ன, கைக்குழந்தையா? நானே பாத்துக்கறேன்."

பார்க்கவில்லை. காலுறையை உருவி வாளியில் எறிந்தார், சாப்பிட்டார், தூங்கிப் போனார்.

காலையில் வாளியில் கைவிட்டவள் அந்தக் காலுறையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். கறை பார்ப்பது அவளுக்குத் தொழில். துருவா, சாயமா, குழம்பா, தேநீரா, தொட்டுப் பார்க்காமலே சொல்வாள். இதற்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவரின் காலைத் தூக்கி மடியில் வைத்துப் பார்த்தாள். குதிகாலுக்குக் கீழே ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குத் தோல் கழன்று, நடுவே பள்ளமாக இருந்தது. பள்ளத்தின் ஓரமெல்லாம் சின்னச் சின்னதாகக் கறுப்பு முட்கள். அவள் முகத்தை அருகில் கொண்டுபோய்ப் பார்த்தாள். யார் யாருடைய முடியோ.

நடந்தது இதுதான். தளர்த்தின ஷூவின் வாய் வழியாக முடி உள்ளே விழுந்திருக்கிறது. பவுடரும் வியர்வையும் அதைக் குழைத்துக் குதிகாலுக்கு அடியில் ஒரு உருண்டையாக்கியிருக்கின்றன. அந்த உருண்டைமேல் அவர் ஒன்பது மணி நேரம் நின்றிருக்கிறார். வெட்டின முடி ஊசி மாதிரி தோலில் ஏறும் என்று அவருக்குத் தெரியாதா? விரலிடுக்கில் எத்தனை தடவை ஏறியிருக்கிறது, எத்தனை தடவை ஊசியால் நெம்பி எடுத்திருக்கிறார். விரல் வலித்தது, அதனால் எடுத்தார். பாதம் ஒன்றும் சொல்லவில்லை.

"நீயாவது நேத்து பாத்திருக்கலாமே" என்று கத்தினார்.

"கேட்டேன். கைக்குழந்தையான்னு கேட்டீங்க."

வேலைக்கு லீவு சொல்லி, அவரைத் தோளில் தாங்கி முப்பத்தாறு படியும் இறக்கினாள். பாதி வழியில் அவளுக்கு மூச்சு வாங்கியது, படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் அவளுடைய கணுக்கால்களை அன்றைக்குத்தான் பார்த்தார். இரண்டும் வீங்கியிருந்தன. அவருக்கு அழுகை வந்தது. படியில் யாரோ ஏறி வந்ததால் அடக்கிக்கொண்டார்.

டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. புண் எலும்புவரை போயிருந்தால் காலையே எடுக்க வேண்டி வந்திருக்கும், இன்னும் இரண்டு நாள் நின்றிருந்தால் போயிருக்கும். பிசியோ அம்மா திட்டக்கூட இல்லை. "பவுடரா? பவுடரா போட்டீங்க?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டுச் சீட்டில் எழுதிக்கொண்டார். அதைவிடத் திட்டியிருக்கலாம்.

ஏழு வாரம் கால் தரையில் படக் கூடாது. ஏழு வாரமும் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தார். மூன்றாவது நாற்காலியில் அந்தப் பையன் தினமும் நின்றான். கோபப்பட யாராவது கிடைப்பார்களா என்று தேடிப் பார்த்தார், தன்னைத் தவிர ஒருவரும் அகப்படவில்லை. முதல் தடவை விழுந்தபோது எழுந்துவிடலாம் என்று ஒரு வீம்பு இருந்தது. இரண்டாம் தடவை அந்த வீம்பும் இல்லை. திரும்ப ஒரு மணி நேரம், திரும்ப இரண்டு கம்பிகளுக்கு நடுவே பத்தடி. படித்துத் தேறிய வகுப்பிலேயே மறுபடி உட்கார வைத்த மாதிரி இருந்தது.

இந்தத் தடவை ஒரு விஷயத்தைச் செய்தார். கடையில் வெட்டி முடித்ததும் பின்னந்தலையைக் காட்டப் பிடிக்கிற கைக்கண்ணாடி ஒன்றைக் கேட்டு வாங்கிவர மனைவியை அனுப்பினார். முழங்காலை மடக்கி உட்கார்ந்து, கண்ணாடியைக் குதிகாலுக்குக் கீழே பிடித்தால் பாதம் முழுக்கத் தெரிந்தது. எத்தனையோ ஆயிரம் பேருக்கு அவர்கள் பார்க்க முடியாத பக்கத்தைக் காட்டியிருக்கிறார். எல்லோரும் கண்ணாடியை ஒரு நொடி பார்த்துவிட்டு, "ம், சரி" என்பார்கள். அப்படிப் பார்க்கக் கூடாது என்று இப்போதுதான் தெரிந்தது.

முதலாளி திரும்பக் கூப்பிட்டார். ஆனால் இந்தத் தடவை பேச்சு வேறு மாதிரி இருந்தது.

"எத்தனை தலைக்கு ஒரு தடவை பார்க்கணும்கறே?"

"மூணு தலைக்கு ஒரு தடவை. ஷூவைக் கழட்டி, உதறி, காலுறை மாத்தி, கண்ணாடில பார்க்கணும். அஞ்சு நிமிஷம்."

முதலாளி தாடையைத் தடவினார். "வர்றவங்க எதிர்ல காலைக் கழட்டிப் பார்த்துட்டு, அந்தக் கையோட தலைல கை வச்சா யாரு உக்காருவா? பின்னாடி போய்ப் பாரு. கை கழுவிட்டு வா. ஆனா பம்பரம், ஒண்ணு சொல்லிடறேன். இன்னொரு தடவை ரெண்டு மாசம் படுத்தீன்னா நாற்காலி போச்சு. என்னால முடியாது."

"புரியுதுண்ணே" என்றார். இந்தத் தடவை நிஜமாகவே புரிந்திருந்தது.

பின்னாடி என்பது திரைக்கு அப்பால் ஒரு சந்து. துவைத்த துண்டுகள் தொங்கும், தரை துடைக்கிற வாளி இருக்கும். உட்கார ஒன்றுமில்லை. வாளியைக் கவிழ்த்து உட்கார வேண்டும், எழும்போது பிடிக்க ஒன்றும் கிடையாது. வெளிச்சமும் போதாது. ஐந்து நிமிஷ வேலைக்குப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. வாரநாட்களில் சமாளித்தார். போய்ப் பார்த்தார், வந்தார், வெட்டினார். சமாளிக்கிறோம் என்பதே ஒரு சுமையாக இருந்தது.

பிறகு ஞாயிற்றுக்கிழமை வந்தது. பெஞ்சு நிறைந்து, வாசலிலும் நாலு பேர் நின்றார்கள். மூன்று தலை முடிந்தது. திரையை நோக்கித் திரும்பினார். "அடுத்து நாந்தானே?" என்று ஒருவர் எழுந்து வந்து உட்கார்ந்தே விட்டார். சரி, ஒரு தலைதானே என்றிருந்தார். அது இரண்டாயிற்று, மூன்றாயிற்று. ஆறு தலை முடிந்தபோது பெஞ்சில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். அடுத்தது பஸ் டிரைவர். "சீக்கிரம்யா, பன்னெண்டு மணிக்கு வண்டி எடுக்கணும்" என்றபடி சட்டைக் காலரை உள்ளே மடித்துக்கொண்டு வந்தார்.

பம்பரம் போர்வையை உதறினார். முடி பறந்தது. எங்கே விழுகிறது என்று பார்த்தார். ஷூமேல் விழுந்தது.

வலிக்கிறதா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். வலிக்கவில்லை. போன தடவையும் வலிக்கவில்லை. உள்ளே போனால் பன்னிரண்டு நிமிஷம், டிரைவர் எழுந்து போவார், அவர் பின்னால் இன்னும் இரண்டு பேர் போவார்கள், முதலாளி கண்ணாடி வழியாக அதைப் பார்ப்பார். உள்ளே போகாவிட்டால் என்ன ஆகும் என்று வீட்டில் ஒருத்தி காலுறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து வைத்திருக்கிறாள். இரண்டு பக்கமும் நாற்காலி போகிறது. ஒரு பக்கம் காலும் சேர்ந்து போகிறது. அவருக்கு இதையெல்லாம் யோசிக்கவே அலுப்பாக இருந்தது. நின்றது போதும் என்றிருந்தது.

"டிரைவர் சார், கொஞ்சம் நில்லுங்க" என்றார். மூன்றாவது நாற்காலியில் தானே ஏறி உட்கார்ந்தார்.

இருபத்தாறு வருஷத்தில் வாடிக்கையாளர் இருக்கும்போது அவர் அதில் உட்கார்ந்ததில்லை. யாருமே உட்காருவதில்லை, எந்தக் கடையிலும். கத்தரிச் சத்தம் நின்றது. எதிர்க் கண்ணாடியில் பெஞ்சு முழுக்க முகங்கள் தெரிந்தன. அவர் குனிந்து நாடாவை அவிழ்த்தார். பட்டை பிரிகிற கர்ரென்ற சத்தம் கடை முழுக்கக் கேட்டது. பிரேஸைக் கழற்றி மடியில் வைத்தார். காலுறையை உருவினார். மெலிந்து வெளுத்த கெண்டைக்கால் எல்லோருக்கும் தெரிந்தது. தெரியட்டும் என்று விட்டுவிட்டார். மறைத்து மறைத்து அவர் ஓய்ந்துவிட்டார்.

"என்னய்யா பண்றே?" என்றார் டிரைவர்.

"இந்தக் காலுக்கு வலி தெரியாது சார். அடில கல்லு இருந்தாலும் தெரியாது, ஆணி இருந்தாலும் தெரியாது. அப்பப்போ கண்ணால பார்த்துக்கணும்." வாய்விட்டு வெளியாளிடம் அதைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

முதல் நாற்காலிப் பக்கம்தான் எல்லோரும் பார்த்தார்கள். முதலாளி ஒரு கையில் ரேசரும் மறு கையில் யாருடைய தாடையுமாக நின்றுகொண்டிருந்தார். முகத்தில் எரிச்சல் தெரிந்தது. பம்பரம் அதைக் கண்ணாடியில் பார்த்தார். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடட்டும், ஷூவை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுகூட நினைத்தார்.

"அடுத்தவங்க அஞ்சு நிமிஷம் உக்காருங்க" என்றார் முதலாளி, பிளேடு மாற்றுகிறார் என்று சொல்கிற குரலில். "அவர் காலைப் பாத்துக்கறார்." தாடைக்குத் திரும்பி மழிக்க ஆரம்பித்தார். டிரைவர் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கத்தரிச் சத்தம் மறுபடி கேட்டது. பம்பரம் காலுறையை உதறினார். கறுப்பும் நரையுமாக நாலைந்து தலைகளின் முடி விழுந்தது. கைக்கண்ணாடியைக் குதிகாலுக்குக் கீழே பிடித்தார். குதிகாலில் பழைய வடு, அதைச் சுற்றி நல்ல தோல். ஓரத்தில் ஒரு முடி ஒட்டியிருந்தது. ஏறவில்லை, சும்மா ஒட்டியிருந்தது. விரலால் தட்டிவிட்டார். திரும்ப ஒரு தடவை, மெதுவாக, விரலிடுக்குகள்வரை பார்த்தார். ஒன்றுமில்லை.

இனி தினமும், மூன்று தலைக்கு ஒரு தடவை, கண்ணிருக்கும்வரை இதைப் பார்த்தாக வேண்டும். நினைத்தாலே அசதியாக இருந்தது. அந்த அசதியோடு புதுக் காலுறையைச் சுருக்கமில்லாமல் இழுத்து, பிரேஸை மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினார். இறங்கிப் போய் சோப்புப் போட்டு இரண்டு தடவை கை கழுவினார். நாற்காலியைத் துடைத்தார்.

"வாங்க சார்" என்றார்.